கண்ணாடிக் கடை நாரே இயற்பியல் படித்த கதை

தக் நாரேக்கு இருபத்தேழு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு பேருந்து ஓட்டுநர் அவளிடம் "ஏன்?" என்று கேட்டார். அவள் வாழ்க்கை திசை மாறியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அப்போது அவள் சுன்சோன் நகரத்து நிலத்தடிக் கடைவீதியில், கு என்ற முதலாளியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடமாக வேலை பார்த்துவந்தாள். இரண்டு வருடப் படிப்பு, அரசாங்க உரிமம், நடுங்காத கை. கண்ணைப் பரிசோதிப்பாள், லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள், மூக்கில் அழுத்துகிறது, காதில் உரசுகிறது என்று வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பாள். அவள் கடையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுகிற வாடிக்கையாளர்கள் அவளுக்கு உண்டு. கு முதலாளிக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்த ஓட்டுநருக்குப் பவர் அதிகம். லென்ஸ் தடியாகத் தெரியக் கூடாது என்று மெல்லிய ரகமாகக் கேட்டு வாங்கிப்போனார். இரண்டு நாளில் திரும்பி வந்தார். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஒட்டிக்கொண்டு தெரிகிறது என்றார். எல்லாக் கடைகளிலும் என்ன சொல்வார்களோ அதையே நாரேயும் சொன்னாள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். மூன்றாவது வாரம் அவர் மறுபடி வந்தார். சண்டை போட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பழகலம்மா. சரி, அதை விடு. வெள்ளைக் கோட்டுல நீலம் எங்கேருந்து வருது? ஏன் அப்படி?"

அந்த லென்ஸின் இயல்பு அது என்றாள் நாரே. லென்ஸ் பட்டியலில் அதற்கென்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் குறைந்தால் நிறம் அதிகம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தடித்த ரகத்தை மாற்றிக் கொடுத்தாள். நிறம் போய்விட்டது. அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். 'ஏன்' மட்டும் போகவில்லை. ஆறு வருடத்தில் எத்தனை பேரிடம் 'பழகிவிடும்' என்று சொல்லி அனுப்பியிருப்போம் என்று நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

நகர நூலகத்தில் ஒளியைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தாள். முதல் பக்கம் புரிந்தது. மூன்றாம் பக்கத்தில் தலைகீழாக நிற்கும் ஒரு முக்கோணக் குறி வந்தது. புத்தகத்தை மூடினாள். மறுநாள் மறுபடி திறந்தாள். முக்கோணம் அங்கேயே நின்றது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில், இரண்டு வருடப் படிப்பு முடித்தவர்களை நேராக மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள். இயற்பியல் துறையில் அந்த வருடம் இரண்டு இடம் இருந்தது. விண்ணப்பித்தது ஒரே ஓர் ஆள். அது நாரே.

முதலாளியிடம் சொல்லத்தான் பயம். அவர் கேட்டுக்கொண்டு ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் துடைத்தார். அப்புறம் கேட்டார்.

"வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?"

மூன்று மணிக்கு முடியும் என்றாள்.

"அப்ப நாலு மணிக்கு வந்துடு. பகல்ல நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, படிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது."

அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் குனிந்து நின்றால் பத்து நிமிடத்தில் கை மரத்துப்போகும். நாரே வந்த பிறகு அந்த இயந்திரத்தை அவர் தொட்டதே இல்லை. அந்த மார்ச் மாதத்திலிருந்து மறுபடி தொட்டார்.

கல்லூரியில் நிலைமை அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. மற்றவர்கள் இரண்டு வருடம் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்கள். மின்காந்தவியல் வாத்தியார் முதல் நாளே அந்தத் தலைகீழ் முக்கோணத்தை வரிசை வரிசையாக எழுதிப் பலகையை நிரப்பினார். எல்லோரும் அமைதியாக எழுதிக்கொண்டார்கள். நாரேயும் எழுதிக்கொண்டாள், படம் வரைவதுபோல. ஏப்ரல் கடைசியில் குவாண்டம் இயக்கவியல் தேர்வு வந்தது. நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். விடைத்தாளைக் கையில் வாங்கியதும், அது வேறு யாருடையதோ என்று மேலே எழுதியிருந்த பெயரைத்தான் முதலில் பார்த்தாள்.

அவளுக்குப் பக்கத்து இருக்கையில் மூயோல் என்று ஒருவன் உட்காருவான். இருபத்துநான்கு வயது, கட்டாய ராணுவ சேவை முடித்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பியவன். அவன் திரும்பியது படிப்புக்கா தூக்கத்துக்கா என்று வகுப்பில் எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. அவனுடைய கண்ணாடியில் ஒரு காதுக் கம்பி கழன்று, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தான். ஒரு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து நாரேக்குக் கை அரித்தது. விடைத்தாள் வந்த அன்று அவளால் தாங்க முடியவில்லை. யார்மேலாவது காட்ட வேண்டிய கோபத்தை அந்தக் கண்ணாடிமேல் காட்டினாள். பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, கழற்று என்றாள். பத்து நிமிட இடைவேளையில் திருகாணி மாற்றி, கம்பியை நிமிர்த்தி, மூக்குப்பட்டையைத் துடைத்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தான்.

"அக்கா, போர்டு இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?"

அப்புறம்தான் அவள் விடைத்தாள் அவன் கண்ணில் பட்டது. சிரிக்கவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெக்டார் கால்குலஸ் படித்ததே இல்லையா என்று கேட்டான். எங்கே படித்தேன், லென்ஸ் தேய்க்கத்தான் படித்தேன் என்றாள் நாரே. அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"காலைல ஏழு மணிக்கு ஆறாவது மாடி மூலை ரூம் காலியா இருக்கும். வாங்க. நான் சொல்லித் தர்றேன்."

"நீ ஏழு மணிக்கு எழுந்திருப்பியா?"

"எழுந்திருக்க மாட்டேன். வந்து அங்க தூங்குவேன். நடுவுல சொல்லித் தர்றேன்."

சொன்னபடியே செய்தான். மூன்றாம் நாள் ஹாஜினும் வந்து சேர்ந்தாள். இருபத்தொரு வயது, வகுப்பில் முதல் ஆள், நாக்கில் கத்தி வைத்திருப்பவள். வீட்டில் தம்பி விடிந்ததும் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறான், படிக்க முடியவில்லை, அதனால் வருகிறேன் என்றாள். யாருக்காகவும் வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வந்த ஒரு மணி நேரத்தில், நாரே திறந்து வைத்திருந்த மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அஸ்திவாரமே போடாம நாலாவது மாடிக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கீங்க. முதல் வருஷப் புஸ்தகத்துலேருந்து ஆரம்பிப்போம்."

இருபத்தெட்டை எட்டப்போகிறவள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஒருநாள் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். ஹாஜின் கண்டும் காணாததுபோல அடுத்த கணக்கை எழுதி நீட்டினாள்.

இருவரும் சொல்லித்தரும் விதமே வேறு. மூயோலுக்கு எல்லாம் சாப்பாடு. கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, மூடியைத் திறந்து, "ஆவி எங்கேருந்து கிளம்புது, எவ்வளவு வெளிய போகுது, அதான் அக்கா அந்த முக்கோணம் கேக்குது" என்பான். சொல்லிவிட்டு அதைச் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவான். ஹாஜின் விடையைக் காட்டவே மாட்டாள். விடையைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பு இல்லை என்பது அவள் கொள்கை. நாரே ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால், "என் மூஞ்சியில விடை எழுதியிருக்கா?" என்பாள்.

அந்தப் பருவத்தில் குவாண்டத்தில் நாரேக்கு டி கிடைத்தது. அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். மின்காந்தவியலில் சி. மதிப்பெண் வந்த அன்று மூவரும் இரும்புத் தட்டில் கோழியும் முட்டைக்கோசும் வதக்கிச் சாப்பிட்டார்கள். டி வாங்கியதற்கு இது அதிகம்தான் என்றாள் ஹாஜின். ஆனால் கடைசிப் பிடி சோற்றைத் தட்டில் சுரண்டித் தின்றது அவள்தான்.

இலையுதிர் காலத்தில் ஏரிகளிலிருந்து கிளம்பும் மூடுபனி நகரத்தை விழுங்கிவிடும். ஏழு மணிக்கு வளாகத்தில் நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. அப்படியொரு நவம்பர் காலையில்தான் அது நடந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் சின்னச் சின்ன சுருள்வில்லில் கட்டிவைத்ததுபோல இருக்கின்றன; ஒளி வந்து அவற்றை ஆட்டுகிறது; சிவப்பு ஆட்டும் ஆட்டம் வேறு, நீலம் ஆட்டும் ஆட்டம் வேறு; வில்லின் சொந்த ஆட்டத்துக்கு அருகில் போகப் போக ஒளி அதிகம் தாமதப்படும், அதிகம் வளையும்; அதனால்தான் நீலம் தனியாகப் பிரிந்து தெரிகிறது. இதைப் புத்தகத்தைப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பலகையில் அவளே எழுதி முடித்தாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூயோல் தூங்கிக்கொண்டிருந்தான். ஹாஜின் தலையைத் தூக்கி, மேலிருந்து கீழே வரை ஒரு தடவை பார்த்தாள். "சரி" என்றாள். மறுபடி தன் புத்தகத்துக்குள் போய்விட்டாள். அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை வாங்க நாரேக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்று மாலை கடையில் பழைய வாடிக்கையாளர் அட்டைகளைப் புரட்டி அந்த ஓட்டுநரின் எண்ணைத் தேடி எடுத்தாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டுக் கூப்பிட்டாள். நடுவழி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு நின்றிருந்தார் அவர். வில், ஆட்டம், தாமதம் என்று அவள் சொல்லச் சொல்ல, உம் உம் என்று கேட்டுக்கொண்டார்.

"முழுசாப் புரியலம்மா. ஆனா ஒரு வருஷம் கழிச்சும் ஞாபகம் வச்சுக் கூப்பிட்டுச் சொல்றே பாரு. நல்லா இரு."

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். கு முதலாளி இதையெல்லாம் காதில் வாங்காதவர்போல இருந்துவிட்டு, அவள் ஃபோனை வைத்ததும், "ஆக, அந்த லென்ஸ் மேல தப்பில்லே?" என்று கேட்டார். இல்லை என்றாள் நாரே. நான் அப்போதே சொன்னேனே என்றார் அவர். அவர் அப்போது எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

குளிர்கால விடுமுறையில் பியோ பேராசிரியையின் ஒளியியல் ஆய்வகத்தில் மாணவ உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே தேயுன் என்று ஓர் ஆய்வு மாணவர் இருந்தார். மெலிந்த உடம்பு, பேசினால் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். லேசர் ஒளி ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டி, லென்ஸ்கள் வழியாக அனுப்பி, மறுமுனையில் அளப்பது அவர் வேலை. இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக லேசரைச் சந்தேகித்தார், மின்சாரத்தைச் சந்தேகித்தார், கடைசியில் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார்.

நாரேக்கு அந்தப் பரிசோதனையின் கணக்கு பாதிதான் தெரியும். ஆனால் லென்ஸைப் பிடித்திருந்த உலோக வளையத்தைப் பார்த்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஒரே திசை ஒளியை மட்டும் விடும் துருவமுனைப்புத் தாள் இரண்டு கிடைக்குமா என்று கேட்டாள். ஒன்றை முன்னாலும் ஒன்றைக் குறுக்காகப் பின்னாலும் வைத்து லென்ஸைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமில் பொருத்திய ஒவ்வொரு லென்ஸையும் இப்படித்தான் பார்ப்பார்கள். நடுவில் இருட்டு. வளையத்தை ஒட்டி நாலு இடத்தில் பளிச்சென்று வெளிச்சத் திட்டு.

"இந்த வளையத்தை யார் இறுக்கினது?"

"நான்தான். ஆடக் கூடாதுன்னு நல்லா இறுக்கினேன். சாரி."

"லென்ஸுக்கு மூச்சு முட்டுது பாருங்க. இறுக்கின இடத்துல ஒளியோட திசை மாறிடுது. அரைச் சுத்து தளர்த்துங்க."

தளர்த்தினார். திட்டுகள் மங்கின. மறுமுனையில் கசிவு கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. தேயுன் இன்னொரு தடவை அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். வேறொருவராக இருந்தால் திருகாணி தளர்த்திய பெருமையைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அடுத்த ஆய்வகக் கூட்டத்தில் திரையில் காட்டிய முதல் படத்திலேயே நாரேயின் பெயரைப் போட்டார். அந்தச் செயலை அவள் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பியோ பேராசிரியை படத்தைப் பார்த்துவிட்டு, நாரேயைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கசியும்? கணக்கு எங்கே?

அந்தக் கணக்கைப் போட அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை ஹாஜினிடம் ஓடினாள். கணக்கும் அளவும் ஒன்றோடொன்று ஒட்டி வந்த அன்று, பட்டம் வாங்கிவிட்டு மறுபடி கடைக்கே போய்விடலாம் என்று அதுவரை மனசின் மூலையில் போட்டு வைத்திருந்த திட்டம் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

நான்காம் ஆண்டு தொடங்கியதும் எல்லோரும் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார்கள். அடுத்து என்ன? மூயோல் வானிலைத் துறை அரசுத் தேர்வுக்குப் படிக்கப்போகிறேன் என்றான். ஹாஜின் தேஜோனில் இருக்கும் பெரிய ஆய்வுக் கல்லூரிக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். நாரேயும் கூடவே விண்ணப்பித்தாள். அதே சமயத்தில் கு முதலாளி கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கழுத்துப் பட்டையோடு கடைக்கு வந்து, சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார். தனக்குப் பிறகு கடையை எடுத்து நடத்த அவளைத் தவிர யாரையும் நினைக்க முடியவில்லை என்றார். இலையுதிர் காலத்துக்குள் சொல், அவசரமில்லை என்றார். நாரேயால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டேன் என்றும் சொல்ல வாய் வரவில்லை. சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

ஆகஸ்டில் நாரேயும் ஹாஜினும் ஒரே பேருந்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள். மூன்று பேராசிரியர்கள், ஒரு வெள்ளைப் பலகை. பெட்டிக்குள் ஒரு துகள் அதன் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. ஒரு சுவரைச் சட்டென்று வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். புதிய பெட்டியின் தாழ்ந்த நிலைக்குப் போகும் என்றாள் நாரே. நிச்சயமாகவா என்று கேட்டார் ஒருவர். அவ்வளவுதான். வாய் பூட்டிக்கொண்டது. பலகையைப் பார்த்தபடி நான்கு நிமிடம் நின்றாள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலை ஓய்வு நிறுத்தத்தில், மீன் அப்பத்தைக் குச்சியில் குத்திக் கையில் பிடித்திருந்தபோது விடை வந்தது. சுவரை மெல்ல நகர்த்தினால்தான் அவள் சொன்னது சரி. சட்டென்று தள்ளினால் துகளுக்குச் சேதி தெரிய நேரமேது? பழைய உருவத்திலேயே நிற்கும். பேருந்தில் ஏறியதும் ஹாஜினிடம் சொன்னாள். ஹாஜின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று மட்டும் சொன்னாள். அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்.

செப்டம்பரில் முடிவு வந்தது. நாரே பெயர் இல்லை. அதற்குப் பிறகு நான்கு நாள் ஹாஜின் காலை வகுப்பறைக்கு வரவில்லை. மூயோல்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான், அவள் தேறிவிட்டாள், உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்று. நாரே நூலகம் முழுக்கத் தேடி, பத்திரிகைப் பிரிவுத் தூணுக்குப் பின்னால் அவளைப் பிடித்தாள்.

"நான் ஃபெயிலானா என்ன? நீ பாஸானதுக்குச் சந்தோஷப்படற உரிமையை எங்கிட்டேருந்து பிடுங்கிட்டு ஓடறியா? எழுந்திரு, சாப்பிடப் போவோம்."

இரும்புத் தட்டில் கோழி வதங்கிக்கொண்டிருந்தபோது அழுதது ஹாஜின்தான். நாரே காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஹாஜின் பழைய ஹாஜின் ஆனாள்.

"அக்கா, உங்களுக்கு விடை தெரியாம ஃபெயில் ஆகல. வாயைத் திறக்காம ஃபெயில் ஆனீங்க. கடையில கண்ணு டெஸ்ட் பண்றப்ப சும்மா இருப்பீங்களா? இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா, சரி இன்னும் கொஞ்சம் மாத்திப் பாப்போம்னு பேசிட்டே இருப்பீங்கல்ல? போர்டு முன்னாடி நின்னா மட்டும் ஏன் ஊமையாயிடறீங்க?"

நாரே ஹாஜின் பக்கம் இன்னொரு துண்டு கோழியைத் தள்ளிவைத்தாள். அவள் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது.

முதலாளியிடம் போய்த் தோற்றுவிட்டேன் என்றும், இன்னொரு தடவை முயற்சி செய்ய வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்படியென்றால் கடை வேண்டாம் என்பதுதான் பதிலா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"அதை இவ்வளவு நாளா சொல்ல முடியாமதான் சாவியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டியா? சரி. எனக்கு அவசரமில்லே, கழுத்துதான் அவசரப்படுது. ஆள் ஒண்ணு தேடித் தா. நீயே பழக்கிவிட்டுட்டுப் போ."

நாரே தன்னோடு இரண்டு வருடப் படிப்பு படித்த ஒருத்தியைத் தேடிப் பிடித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வேலைக்குத் திரும்ப வழி பார்த்துக்கொண்டிருந்தவள். மூன்று மாதம் கூட நின்று பழக்கினாள். இன்றைக்கு அந்தக் கடை அவள் பெயரில் நடக்கிறது. கு முதலாளி மதியத்தில் வந்து, ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, ஃப்ரேம் துடைத்துவிட்டுப் போகிறார்.

பிப்ரவரியில் பட்டமளிப்பு. குவாண்டத்தை மறுபடி எழுதி நாரே பி வாங்கியிருந்தாள். வளாகத்தில் பனி கொட்டியிருந்தது, எல்லோரும் கறுப்பு அங்கியில் வழுக்கி விழாமல் படம் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஹாஜினின் அம்மா பூங்கொத்தோடு வந்திருந்தார். நாரே வணக்கம் சொல்லிவிட்டு, டிரம்ஸ் வாசிக்கும் தம்பி வரவில்லையா என்று கேட்டாள். அந்த அம்மா விழித்தார்.

"தம்பியா? எங்களுக்கு இவ ஒருத்திதானே."

ஹாஜின் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருந்தாள். விடிகாலைத் தூக்கத்தை விட்டு, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகைக் குளிரில், ஒன்றரை வருடம் அந்தப் பெண் வந்தது எதற்காக என்று நாரேக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹாஜின் வேறொரு பொய் சொல்லியிருப்பாள்.

அந்த வசந்த காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், தேஜோனிலிருந்து ஹாஜின் வீடியோவில் கூப்பிட்டாள். கடையின் பின்னறையில் பலகை ஒன்றை மாட்டி வைத்துக்கொண்டு நாரே நிற்பாள். ஹாஜின் கேள்வியை வீசிவிட்டு முகத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். நாரே வாய் மூடினால் உடனே மேசையைத் தட்டுவாள். தெரியாததைக்கூடப் பேசிக்கொண்டே தேட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வாரம் நாரேக்குத் தன் குரலைக் கேட்கவே சகிக்கவில்லை. அப்புறம் அது வாடிக்கையாளரிடம் பேசும் குரலாகிவிட்டது.

மே மாதம் குவாங்ஜுவில் உள்ள ஆய்வுக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போது அதன் கயிற்றை மேலே இழுத்துச் சுருக்கினால் ஆட்டம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அவள் இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"மெல்ல இழுக்கறீங்களா, சட்டுனு இழுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

கேள்வி கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெல்ல என்றார். அவள் பேச ஆரம்பித்தாள். இழுக்கிற கை வேலை செய்கிறது, அதனால் ஆற்றல் கூடும். கயிறு குறுகினால் வேகமாக ஆடும். ஆகவே கோணம் அகலமாகும் என்று நினைக்கிறேன். இருங்கள், இந்த இடத்தில் ஒரு தப்பு விட்டேன், திருத்துகிறேன். எவ்வளவு அகலமாகும் என்பதில் திணறினாள். திணறுவதையும் வாய்விட்டுச் சொன்னாள். ஒருவர் ஒரு குறிப்புக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போனாள். நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது முதுகு நனைந்திருந்தது. தேறுவோமா என்று தெரியவில்லை. ஆனால் இந்த முறை அந்த அறைக்குள் தான் இருந்தோம் என்று தோன்றியது.

ஜூன் நடுவில், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. இடம் கிடைத்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்தினால் அந்த லென்ஸ் வீணாகிவிடும் என்பதால், தேய்த்து முடித்துவிட்டுத்தான் அழுதாள். ஹாஜினுக்குச் செய்தி அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து நாற்பது பூப் படங்கள் வந்தன.

ஆகஸ்ட் கடைசியில் குவாங்ஜுவுக்குப் போக வேண்டிய நாளன்று, மூயோல் தன் அப்பாவின் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். வெங்காயம் ஏற்றும் லாரி. கழுவியும் வாசனை போகவில்லை. அரசுத் தேர்வில் அவன் எழுத்துச் சுற்றில் தேறி, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான். பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டும்போது நாரேயின் அம்மா ஏழு டப்பா ஊறுகாய்க் கீரைகளைக் கொண்டுவந்து இருக்கையின் இடுக்கில் திணித்தார். மகள் முப்பது வயதில் படிக்கப் போகிறாள் என்று சந்தையில் தெரிந்தவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டவர், அன்று குறை ஒன்றும் சொல்லவில்லை.

தெற்கே ஐந்து மணி நேரப் பயணம். நடுவில் ஓய்வு நிறுத்தத்தில் தொட்டுக்கொள்ள மஞ்சள் முள்ளங்கியோடு உடோன் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சொல்லாமல் விட்டதை நாரே அங்கே சொல்ல நினைத்தாள். மூயோல், என்று ஆரம்பித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுத்தான்.

"அக்கா, நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதீங்க. எனக்குச் சாப்பாடு இறங்காது."

"இறங்காட்டி போகட்டும். கேளு."

சொன்னாள். பதினொன்று மார்க்கைப் பார்த்து அவன் சிரிக்காமல் இருந்ததைச் சொன்னாள். கழுத்து வலியோடு இயந்திரத்தின் முன் நின்றவரைச் சொன்னாள், இல்லாத தம்பிக்கு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தவளைச் சொன்னாள், தன் பெயரை முதல் படத்தில் போட்டவரைச் சொன்னாள். இவர்களில் யாருக்கும் தன்னால் ஆகவேண்டியது ஒன்றும் இருந்ததில்லை, பிறகு ஏன் செய்தார்கள் என்பது இப்போதும் புரியவில்லை என்றாள். கேட்டுக்கொண்டே மூயோல் நூடுல்ஸை முழுவதும் சாப்பிட்டுவிட்டான். கண்ணாடியைக் கழற்றி, ஆவி படிந்துவிட்டது என்று சட்டை நுனியால் துடைத்தான். கிண்ணத்தில் ஆவி அடங்கி வெகுநேரமாகியிருந்தது.

"உங்க மஞ்சள் முள்ளங்கியை நீங்க சாப்பிடலன்னா நான் எடுத்துக்கட்டுமா?" என்றான்.

எடுத்துக்கொள் என்றாள்.

குவாங்ஜுவில் வெயில் கொளுத்தியது. விடுதி வாசலில் காவலாளி அம்மாள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இது பெண்கள் விடுதி, ஆண்கள் படியோடு சரி என்றார். பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த மூயோலைப் பார்த்து, கூடப் பிறந்தவனா என்று கேட்டார்.

"ஆமா. தம்பி" என்றாள் நாரே.

மூயோல் குனிந்து வணங்கினான். கடைசிப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் அப்பாவுக்கு வண்டி வேண்டும் என்று கிளம்பிவிட்டான். அறை மூன்றாவது மாடி. மின்தூக்கி பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நாரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புத்தகப் பெட்டியை முதலில் தூக்கினாள்.